விழப்போகிற பல்லுக்கு என்ன அடைப்பு?

"எப்படியும் விழப்போகிற பல்தானே! அதற்குப் போய் யார் செலவு செய்வார்கள்?"

இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே தம்பியோ தங்கையோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதபோது பெரியவர்கள் யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம். சொன்னவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். பால்பல் விழும், அந்த இடத்தில் புதுப்பல் முளைக்கும் என்பது எல்லாரும் கண்ட உண்மை. விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவதோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் அது எப்போது விழும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், கணக்கே மாறிவிடும்.

பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் 5 வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். செல்வி என்று அவளை அழைப்போம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையே பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இது. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று அதன் கரையெல்லாம் மீனவர் ஊர்கள். ஏரிக்குள் தீவுகளிலும் மக்கள் வாழ்கிறார்கள். செல்வியின் வாயில் 20 பால்பற்கள். முன்பல் ஒன்றில் சொத்தை, பின்னாலிருக்கும் கடைவாய்ப் பால்பல் ஒன்றிலும் சொத்தை. முன்பல் 6 அல்லது 7 வயதில் விழுந்துவிடும். அது இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு நின்றால் போதும். கடைவாய்ப் பால்பல்லோ 10 வயதுக்குமேல், சிலருக்கு 12 வயதில்தான் விழும். ஆகவே, ஒன்றாம் வகுப்பில் சேர்வதிலிருந்து ஐந்தாம் வகுப்பைத் தாண்டும்வரை செல்வி அந்தப் பல்லால்தான் மென்றாக வேண்டும். விழப்போகிற பல்தான், ஆனால் விழுவதற்கு இன்னும் 6 ஆண்டுகள் இருக்கின்றன!

இதோடு முடியவில்லை. 6 வயதில் அந்தப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, புதிதாக ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. பலரும் அதையும் பால்பல் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அதுதான் ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். முன்னாலுள்ள பால்பல்லைச் சொத்தைக்காகச் சீக்கிரமே பிடுங்கிவிட்டால், இந்தப் புதுப்பல் மெல்ல முன்பக்கம் நகர்ந்து காலியிடத்தைப் பிடித்துக்கொள்ளும். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பால்பல் என்பது வரப்போகிற பல்லுக்காகப் போட்டுவைத்த துண்டு. துண்டை எடுத்துவிட்டால் இடம் போச்சு. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் பல் வெளியே வர வழியின்றிக் கோணலாக முளைக்கும்.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 5 வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சொத்தை இருந்ததாக அது கூறிற்று. ஆக, செல்வி தனியாள் அல்லள்.

சொத்தை எப்படி உண்டாகிறது என்பது உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். வாயில் வாழும் சில பாக்டீரியாக்கள் நாம் தின்னும் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. பல்லின் மேலுறையான எனாமல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. பல்லின்மேல் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். ஏரிக்கரையில் கிடக்கும் கிளிஞ்சல் ஒன்றை எடுத்து வினிகரில் போட்டுப் பாருங்கள், அல்லது எலுமிச்சைச் சாற்றில். நுரைத்துக்கொண்டு கரையும். கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட், பல் கால்சியம் பாஸ்பேட். உப்பு வேறு, கதி ஒன்று. பால்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறத்தாழ பாதிக் கனம்தான் இருக்கும். உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள கூழ் அறையோ பல்லின் அளவுக்குப் பெரியது. ஆகவே சொத்தை வெகு சீக்கிரம் நரம்பை எட்டிவிடும். (மீன் தின்பதால் பல் கெடாது. சர்க்கரை போட்ட தேநீரும் ஒட்டுகிற பிஸ்கட்டும் மிட்டாயும் நாளெல்லாம் வாயில் இருப்பதுதான் கெடுக்கிறது.)

குழி விழுந்தாயிற்று. இனி அதை எதைக்கொண்டு அடைப்பது? நான் பேச வந்த விஷயம் இதுதான்.

மூத்தவர்கள் வாயில் சாம்பல் நிறத்தில் மின்னும் அடைப்பைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் இரசக்கலவை. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளைப் பாதரசத்தோடு குழைத்தால் களிமண்போல் ஆகி, பிறகு இறுகிக் கல்லாகும். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். சீனாவில் 659-ஆம் ஆண்டைச் சேர்ந்த மருத்துவ நூலிலேயே இத்தகைய வெள்ளிப் பசை பற்றிய குறிப்பு உண்டு. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பரவிற்று. மலிவானது, உறுதியானது, எச்சில் ஈரத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் உலகம் இதைக்கொண்டே பல்லை அடைத்து வந்ததில் வியப்பில்லை. ஒரு குறை மட்டும் உண்டு. இது பல்லோடு ஒட்டாது. குடத்தில் வாய் குறுகி வயிறு அகன்றிருப்பதுபோலக் குழியைக் குடைந்து, அதற்குள் திணித்தால்தான் நிற்கும். சொத்தை இல்லாத நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டும். பால்பல்லோ சிறியது. குடையக் குடைய நரம்பு பக்கத்தில் வந்துவிடும்.

பாதரசம் நஞ்சாயிற்றே, அதைக் குழந்தையின் வாயில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலும் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பனிலும் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரசக்கலவையும் மற்றதற்கு வேறு பொருளும் வைத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. அறிவுத்திறனிலோ நரம்பு மண்டலத்திலோ இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது பழைய வெள்ளி அடைப்பு இருந்தால் பயந்துபோய் அதைத் தோண்டி எடுக்க ஓட வேண்டாம்.

ஆயினும், பழவேற்காட்டில் இரசக்கலவை வேண்டாம் என்பதே என் கட்சி. காரணம் வாய்க்குள் இல்லை, ஏரிக்குள் இருக்கிறது.

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஜப்பானின் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் 5 வயதுச் சிறுமி ஒருத்தியை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். அவளால் சரியாக நடக்க முடியவில்லை, பேச்சும் தடுமாறியது. பின்னர் அவளைப்போல இன்னும் பலர் வந்தார்கள். பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தார். அதற்கு முன்பே அந்த ஊர்ப் பூனைகள் வெறி பிடித்தாற்போல் ஆடித் துடித்துச் செத்துக்கொண்டிருந்தன. அங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலை ஒன்று தன் கழிவோடு மெத்தில் பாதரசத்தை விரிகுடாவில் விட்டுக்கொண்டிருந்தது. அது மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற பூனைக்கும் மனிதனுக்கும் வந்து, தாயின் வயிற்றிலிருந்த சிசுவையும் தாக்கியது. ஜப்பான் அரசு இதை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 1968-இல்தான். பன்னிரண்டு ஆண்டுகள்!

மினமாட்டாவில் நிகழ்ந்தது தொழிற்சாலையின் கேடு. பல் அடைப்பால் வந்ததல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. ஆனால் அதிலிருந்து நாம் கற்ற வேதியியல் ஏரிக்கரை ஊர்களுக்குப் பொதுவானது. சாதாரணப் பாதரசம்கூடச் சேற்றுக்குள் போனால், காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றவல்லவை. சிறு உயிரி, அதைத் தின்னும் சிறு மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று படிப்படியாக ஏறும்போது அதன் செறிவு கூடிக்கொண்டே போகும். பல் அடைக்கும்போது மிஞ்சும் கலவையும், குழந்தை துப்பும் துணுக்கும் சாக்கடை வழியே எங்கே போகும்? ஏரிக்கரையில் சாக்கடைக்கு முடிவிடம் ஏரிதான். அடைத்த பால்பல் விழுந்த பிறகு, கூரைமேல் எறிந்தோமே, அந்தப் பல்லும் தன் பாதரசத்தோடு மண்ணுக்குத்தான் போகிறது. ஒரு சிறு அடைப்பில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவு. அனல்மின் நிலையங்களில் எரியும் நிலக்கரி வெளிவிடும் பாதரசத்தோடு ஒப்பிட்டால் இது தூசி. இருந்தாலும், சில ஆண்டுகளே நிற்கப்போகும் ஒரு பல்லுக்காக, மீனையே நம்பி வாழும் ஊருக்குள் ஏன் அதைக் கொண்டுபோக வேண்டும்? வேறு வழி இல்லாதிருந்தால் சரி எனலாம். இருக்கிறதே!

அந்த ஊரின் பெயராலேயே அமைந்த மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு, 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதை உறுதிசெய்தது. பால்பற்களுக்கும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும், மருத்துவர் இன்றியமையாதது எனக் கருதினாலன்றி, இரசக்கலவை வைக்கலாகாது என்ற திசையில் 2022-இல் அதைத் திருத்தினார்கள். 2034-க்குள் உலகெங்கும் இதை நிறுத்திவிடுவது என்று 2025-இல் முடிவாயிற்று.

சரி, பாதரசம் போகட்டும். அதற்குப் பதில் எது?

நகரத்தில் பணம் இருப்பவர்கள் கேட்பது பல் நிறத்திலேயே இருக்கும் பிசின் அடைப்பு. அமெரிக்கரான ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்ற பிசின் இதற்கு அடிப்படை. அந்தப் பிசினோடு நுண்ணிய கண்ணாடித் தூளையோ மணல் தூளையோ கலந்து, நீல ஒளி காட்டினால் சில நொடிகளில் இறுகிவிடும். பார்க்க அழகு, நல்ல உறுதி. ஆனால் இதன் குறையைப் பழவேற்காட்டு மீனவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பைபர் படகில் ஓட்டை விழுந்தால் அவர் என்ன செய்கிறார்? படகைக் கரையேற்றி, காயவைத்து, தேய்த்துச் சுத்தம் செய்து, பிறகே கண்ணாடி இழைப் பாயை வைத்துப் பிசினைப் பூசுகிறார். ஈரத்தில் பூசினால் ஒட்டாது, அடுத்த அலையில் உரிந்து வந்துவிடும். பல்லில் வைக்கும் பிசினும் அப்படியே. ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் பிடிப்புக் கெடும். அழுகிற 5 வயதுக் குழந்தையின் வாயை இருபது நிமிடம் எச்சில் படாமல் வைத்திருக்க முடியுமா? அதற்கான ரப்பர் விரிப்பு, உறிஞ்சும் குழாய், நல்ல நாற்காலி, பொறுமையான மருத்துவர் எல்லாம் இருந்தால் முடியும். குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கிற காரியமல்ல.

இனி நான் பரிந்துரைக்கும் பொருளுக்கு வருகிறேன். இலண்டனில் அரசு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் என்ற இருவர் ஒரு புதிய சிமெண்டை உருவாக்கி, 1972-இல் பல் மருத்துவர்களுக்கு அறிவித்தார்கள். அதற்குக் கிளாஸ் அயனோமர் என்று பெயர். ஒரு விசேஷமான கண்ணாடியின் தூள், பாலிஅக்ரிலிக் அமிலம் என்ற கெட்டித் திரவம், இவ்வளவுதான் சரக்கு. இரண்டையும் ஒரு சிறு தாளின்மேல் குழைத்தால் சில நிமிடத்தில் இறுகும். விளக்கு வேண்டாம், யந்திரம் வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பல்லை அரித்தது அமிலம். அடைக்க வந்ததிலும் அமிலம்! ஆனால் இந்த அமிலத்தின் நீண்ட மூலக்கூறுகள் பல்லிலுள்ள கால்சியத்தைப் பற்றிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகின்றன. அதனால் சிமெண்ட் பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டுகிறது. குடம்போலக் குடைய வேண்டியதில்லை. சற்று ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, கண்ணாடியிலுள்ள ஃபுளோரைடு சிறிது சிறிதாகக் கசிந்து பக்கத்துப் பல்லுக்கும் உரம் கொடுக்கிறது.

இந்தச் சிமெண்டைக் கொண்டு வெறுங்கைக் கருவிகளாலேயே பல் அடைக்கும் முறை 1980-களின் நடுவில் ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் பிறந்தது. அதைத் தொடங்கியவர் யோ ஃப்ரென்கன் என்ற டச்சுக்காரர். (1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்களும் டச்சுக்காரர்கள்தாம். அந்தக் கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது. இந்த முறை அதைவிட நெடுநாள் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.) தொடக்கத்தில் வேறொரு சிமெண்டைப் பயன்படுத்தினார்கள், பிறகு கிளாஸ் அயனோமருக்கு மாறினார்கள். குழந்தையை மேசையின்மேல் படுக்கவைத்து, கரண்டிபோன்ற சிறு கருவியால் மெத்தென்று அழுகிய பகுதியை மட்டும் சுரண்டி எடுத்து, சிமெண்டை விரலால் அழுத்தி நிரப்புவார்கள். சுழலும் யந்திரத்தின் இரைச்சல் இல்லை. பெரும்பாலும் மரத்துப்போக ஊசியும் வேண்டாம். பல் மருத்துவர் என்றாலே குழந்தைகள் அலறுவதற்குக் காரணமான இரண்டும் இதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் இம்முறையை உலகுக்கு எடுத்துச் சொன்னது. 2021-இல் தனது இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் கிளாஸ் அயனோமர் சிமெண்டையும் சேர்த்தது.

நல்லதை மட்டும் சொல்லி விற்க நான் வியாபாரி அல்லன். இந்தச் சிமெண்ட் தேயும், விளிம்பில் உடையும். பால்பல்லின் மென்று அரைக்கும் மேற்பக்கத்தில் மட்டும் குழி இருந்தால், இம்முறையில் அடைத்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் இரண்டு ஆண்டு கழித்தும் நின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள். ஆனால் சொத்தை இரண்டு பற்கள் சந்திக்கும் பக்கவாட்டுக்கும் பரவிவிட்டால் நின்றவை நூற்றுக்கு அறுபத்துச் சொச்சமே. பள்ளி மாணவரின் மதிப்பெண் பட்டியலாக இருந்தால் முதல் வகுப்பு எனலாம். பல்லுக்கு அது போதாது. இந்த ஒரு பலவீனத்தை மறைத்துவிட்டு இந்த முறையைப் புகழ்கிறவர்கள் அதற்குக் கெட்ட பெயரையே தேடித் தருகிறார்கள்.

அப்படிப் பக்கவாட்டில் உடைந்த கடைவாய்ப் பால்பல்லுக்கு எஃகுத் தொப்பி இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் பல அளவுகளில் முன்கூட்டியே செய்துவைத்த தொப்பி. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவப் பெண்மணி, சொத்தையைச் சுரண்டாமலே, ஊசி போடாமலே, பொருத்தமான அளவுத் தொப்பியில் சிமெண்டை நிரப்பிப் பல்மேல் அழுத்திவிடுவார். உள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள்? அவற்றுக்குச் சர்க்கரை கிடைக்காது. முற்றுகையிட்ட கோட்டைக்குள் சோறு தீர்ந்த படையைப்போல அடங்கிவிடும். சக மருத்துவர்கள் முதலில் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். பிறகு ஸ்காட்லாந்திலேயே முறைப்படி சோதித்தார்கள். ஒரே குழந்தையின் வாயில் ஒரு பல்லுக்குத் தொப்பி, இன்னொன்றுக்கு வழக்கமான அடைப்பு. 2011-இல் வெளிவந்த ஐந்தாண்டு முடிவின்படி, வலி, சீழ்க்கட்டி போன்ற பெரிய கோளாறு தொப்பியிட்ட பற்களில் 3 சதவீதம், வழக்கமான அடைப்பில் 16 சதவீதத்துக்குமேல். இது எனக்கும் முதலில் நம்பச் சற்றுக் கடினமாகத்தான் இருந்தது. அழுக்கை அகற்றாமல் மூடுவதா என்று மனம் ஒப்பவில்லை. ஆனால் விஞ்ஞானத்தில் மனம் ஒப்புவதற்கு மதிப்பெண் கிடையாது. எண்கள் என்ன சொல்கின்றன என்பதே பேச்சு.

இன்னொன்றும் உண்டு. ஜப்பானில் 1970-இலேயே புழக்கத்துக்கு வந்த வெள்ளி டையமின் ஃபுளோரைடு என்ற திரவம். ஒரு சொட்டைத் தூரிகையில் தொட்டுச் சொத்தையின்மேல் ஒரு நிமிடம் தடவினால், வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும். பால்பல் சொத்தைகளில் நூற்றுக்கு எண்பது அளவுக்கு மேலே பரவாமல் நின்றுவிடுகின்றன. ஆண்டுக்கு இருமுறை தடவ வேண்டும். இதுவும் 2021-இல் அந்தப் பட்டியலில் ஏறியது. குறை என்னவென்றால், தடவிய இடம் கரிபோல் கறுத்துவிடும். மறைவான கடைவாய்ப் பல்லில் யார் பார்க்கப் போகிறார்கள்? முன்பல்லில் என்றால் பெண்ணின் தாய் தயங்குவாள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளக் கூடாது. பள்ளியில் பிள்ளைகள் வைக்கும் பட்டப்பெயரின் கொடுமை உங்களுக்கே தெரியும். முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் தடவ வேண்டும்.

இப்போது செல்வியிடம் திரும்பி வருவோம். அவளைப் பொன்னேரிக்கோ சென்னைக்கோ கூட்டிப்போக வேண்டுமென்றால் வீட்டில் ஒருவருக்கு ஒரு நாள் வேலை போகும். பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களை எல்லாரும் ஒரே நேரத்தில் மொய்க்காமல், இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். தன் முறை வருகிற நாளில் அப்பா மகளின் பல்லுக்காகப் பட்டணம் போனால், அந்த முறை போனதுதான். அம்மாவுக்கோ விடியற்காலை மீன் வாங்கி விற்றால்தான் அன்றைய காசு. "அடுத்த வாரம் வா, அதற்கடுத்த வாரம் வா" என்று மூன்று நடை இழுக்கும் வைத்தியம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது அவர்களுக்கு எட்டாத வைத்தியமே. அடைப்புப் பொருள்களை ஒப்பிடும் புத்தகங்களில் உறுதி, நிறம், விலை என்று அட்டவணை இருக்கும். எத்தனை நடை என்ற கட்டம் பெரும்பாலும் இருக்காது. பழவேற்காட்டில் அதுதான் முதல் கட்டமாக இருக்க வேண்டும்.

ஆகவே என் கணக்கு இது. ஓரிரு ஆண்டே நிற்க வேண்டிய முன்பல்லுக்கு, தாய் சம்மதித்தால் வெள்ளித் திரவம், இல்லையேல் சிமெண்ட். மேற்பக்கத்தில் மட்டும் குழி உள்ள கடைவாய்ப் பல்லுக்கு மேசைமேல் வைத்தே கிளாஸ் அயனோமர். பக்கவாட்டும் போய்விட்டால் எஃகுத் தொப்பி. இம்மூன்றுக்கும் வேண்டிய சரக்கு ஒரு சிறு பெட்டியில் அடங்கும். படகில் ஏற்றித் தீவு ஊருக்கும் கொண்டுபோகலாம். ஒரு பல் மருத்துவர் பள்ளிக்கு வந்தால் ஒரே நாளில் பல குழந்தைகளுக்கு வேலை முடிந்துவிடும். இரவில் தூங்கவிடாத வலி, ஈறில் கொப்புளம், கன்ன வீக்கம் என்று வந்துவிட்டால் மட்டும் இவை எதுவும் பலிக்காது. அந்தக் குழந்தையைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும்.

"ஏழைக் குழந்தைக்கு மட்டும் கரண்டியும் சிமெண்டும், பணக்காரக் குழந்தைக்கு யந்திரமும் பிசினுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கோபம்தான். ஆனால் இந்தப் பெட்டியில் இருப்பவை எங்கிருந்து வந்தவை என்று பாருங்கள். சிமெண்ட் இலண்டனிலிருந்து, தொப்பிமுறை ஸ்காட்லாந்திலிருந்து, திரவம் ஜப்பானிலிருந்து. அந்நாடுகளில் பணமுள்ளவர் வீட்டுக் குழந்தைகளுக்கும் இவை வைக்கப்படுகின்றன. பிரிட்டனில் 1,144 குழந்தைகளை வைத்து நடத்தி 2020-இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில், துளைத்து அடைப்பது, சொத்தையை உள்ளேயே வைத்து மூடுவது, எதுவும் அடைக்காமல் துலக்குவதையும் உணவையும் மட்டும் கவனிப்பது என்ற மூன்று வழிகளையும் ஒப்பிட்டார்கள். வலியும் சீழும் வந்தவர்களின் எண்ணிக்கையில் மூன்றுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. மூன்றிலுமே நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் ஏதோ ஒரு சமயம் அவதிப்பட்டார்கள். இதைப் படித்து, அப்படியானால் அடைக்கவே வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குழந்தைகள் எல்லாரையும் பல் மருத்துவர் தொடர்ந்து பார்த்து வந்தார். நம் குப்பத்தில் யார் பார்க்கிறார்கள்? அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. எந்தப் பொருள் என்பதில் நாம் இவ்வளவு சண்டையிடுகிறோம். சொத்தை விழுந்த பிறகு எதை வைத்தாலும் பாதி வெற்றிதான். ஃபுளோரைடு பற்பசையால் இரவில் ஒரு முறை, காலையில் ஒரு முறை துலக்கும் பிள்ளைக்கு இந்தப் பெட்டியே தேவைப்படாமல் போகலாம்.

என் மனக்குறை உண்மையில் பொருள்களைப் பற்றியதல்ல, முகாம்களைப் பற்றியது. கடற்கரை ஊர்களுக்குப் பல் முகாம்கள் வராமலில்லை. வருகிறார்கள், பந்தல் போடுகிறார்கள், குழந்தைகளை வரிசையில் நிறுத்திச் சொத்தையை எண்ணுகிறார்கள், ஒரு பற்பசைக் குழாயும் ஒரு சீட்டும் கொடுக்கிறார்கள். சீட்டில் நகரத்து மருத்துவமனையின் பெயர் இருக்கும். அந்தச் சீட்டு எத்தனை வீடுகளில் கூரை எரவாணத்தில் செருகியபடியே இருக்கிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை. யந்திரம் இல்லாமல் பல்லை அடைக்க முடியாது என்றிருந்த காலத்தில் சீட்டுக் கொடுத்தது சரி. அடைப்பே பெட்டியில் ஏறிப் படகில் வரத் தயாராக இருக்கும்போது, எண்ணிவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெளிச்சத்தில் உங்கள் தம்பியையோ தங்கையையோ திண்ணையில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பற்களை எண்ணுங்கள். 20-க்குமேல் இருந்தால், கடைசியில் இருப்பது புதிதாக வந்த நிரந்தரப் பல். அது எது என்று அவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள். வெள்ளையாகவோ பழுப்பாகவோ புள்ளி தெரிகிறதா, குழி இருக்கிறதா, மேற்பக்கத்திலா இரு பற்களுக்கு நடுவிலா என்று ஒரு தாளில் படம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் ஊருக்கு முகாம் வந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரிடம் பணிவாக ஒன்று கேளுங்கள்: "ஐயா, இன்றைக்கே அடைத்துவிட்டுப் போவீர்களா, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவீர்களா?"